இருபத்திரண்டு சென்டிமீட்டர்

என்ஜினுக்கும் சக்கரக் கூண்டின் சுவருக்கும் நடுவே
இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
அதற்குள் ஸ்டியரிங் தண்டு வேறு
குறுக்கே சாய்ந்து கிடக்கிறது,
நகரச் சொன்னாலும் நகராத விருந்தாளி.

ஓலாவி சொன்னான், போதும் என்று.
நான் டேப்பை மறுபடி இழுத்தேன்.
அவனுடைய ‘போதும்’
எப்போதும் ஒரு விரற்கடை குறையும்.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
குவோப்பியோ போகும் சாலையில்
பனி வாரும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு
ஒருமுறை போனது, ஒருமுறை வந்தது.
உள்ளே டீசல் ஹீட்டர், மூன்றாவது காபி,
யாரும் வேண்டாமென்ற ஒரு வண்டி.
அதன் நெஞ்சில் வேறொரு வண்டியின் என்ஜின்.

முதலில் அட்டைக் குழல்கள்,
திரைச்சீலைக் கடையில் கேட்டு வாங்கியவை.
ஒன்றும் நான்கும் ஓர் அறைக்கு,
இரண்டும் மூன்றும் இன்னோர் அறைக்கு.
அடுத்தடுத்து வெடிப்பவை
ஒரே வாசலில் முட்டிக்கொள்ளக் கூடாது.
நாலு குழாய், ஒரே நீளம்.
சொல்லச் சுலபம்.
முதல் சிலிண்டர் தூரத்து மூலையில்;
மூன்றாவது, டர்போவின் மடியிலேயே.
கிட்டே இருந்ததை
வேண்டுமென்றே சுற்றி வரச் செய்தேன்.

டர்போவைத் தாழத் தொங்கவிட்டோம்.
எடை கீழே இருந்தால்
வளைவில் வண்டி தரையை விடாது,
இது என் கணக்கு.
பதினோரு இரவு.
குழாயின் உள்ளும் புறமும் ஆர்கன்.
ஒவ்வொரு பற்றும் மீன் செதிலாக,
வைக்கோல் நிறம், ஓரத்தில் ஊதா.
ஓலாவி படம் எடுத்தான்.
வேண்டாமென்று நான் சொல்லவில்லை.

மார்ச், ஒரு சனி, முதல் உறுமல்.
ஆறாவது நிமிடம்
பின்னால் நீலப் புகை.

டர்போவைக் குளிப்பாட்டிய எண்ணெய்க்கு
இறங்கத்தான் தெரியும்.
அது திரும்பிப் போகவேண்டிய துளையோ
இரண்டு விரல் மேலே.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
போட்டதை அளந்தேன்.
ஆற்றை அளக்கவில்லை.

சின்ன பம்ப் ஒன்று வைத்துவிடலாம், ஐலா,
என்றான் ஓலாவி, மெதுவாக.
நான் கிரைண்டரை எடுத்தேன்.
பதினோரு இரவும் பொறியாகித் தரையில் விழ
இருபது நிமிடம் ஆனது.
அவன் நாயை வெளியே கூட்டிப் போயிருந்தான்.

இரண்டாம் முறை டர்போ ஒரு சாண் மேலே.
இப்போது வெளியேறும் குழாய்க்கு வழியில்லை:
ஒருபுறம் ஸ்டியரிங் தண்டு, மறுபுறம் பிரேக் குழாய்.
பக்கச் சுவரையே துளைத்தேன்.
ஓட்டுநர் கதவுக்கு முன்னால், இடப்பக்கம்,
திறந்த வாய்.

இடப்பக்கம்தான் ஏரி.
ஓடுதளத்தில் அது முதல் மே.
கெர்ட்டு ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து
கம்பின் உச்சியில் ஒலிமானியை வைத்திருந்தாள்,
பக்கத்தில் பாதி பின்னிய காலுறை.
நூற்றி மூன்று, என்றாள்.
அனுமதி தொண்ணூற்றாறு.
அக்கரையில் கோடை வீடுகள்;
அங்கிருந்து வரும் கடிதங்களை
படிக்கிறவளும் அவளே.
உங்களுக்கு ஒரு மணி நேரம்.

வேனின் பின்கதவில் வைத்து வெட்டினேன்.
ஒரு வளைவு, ஒரு சின்ன சைலன்சர்,
வாய் இப்போது தரையைப் பார்த்தது.
தொண்ணூற்றைந்தரை.
ஒன்பது குதிரைகளை
அக்கரைத் தூக்கத்துக்குத் தானம் கொடுத்தோம்,
சிரித்தான் ஓலாவி. நான் சிரிக்கவில்லை.
பதினொன்று இருக்கும்.

பிறகு அவன் மிதித்தான்.
பக்கத்து இருக்கையில் நான்.
ஒன்றுமில்லை.
இன்னும் ஒன்றுமில்லை.
அந்த அரை நொடியில்தான்
என் குளிர்காலம் முழுக்க இருந்தது:
எரிந்து முடிந்து வெளியே போகிற காற்று
போகிற போக்கில் ஒரு சக்கரத்தைத் தட்டிவிட,
அந்தச் சக்கரம் புதுக்காற்றை உள்ளே அறைய,

என் தலை பின்னால் மோதியது.
ஏரி ஒரு கோடானது.

மாலையில் போனெட்டைத் திறந்தோம்.
டர்போவின் சிவப்பு மெல்ல அணைந்தது,
ஓலாவி யாருக்கோ நேரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தான்.
மூன்றாம் குழாயின் கழுத்தில்,
நான் வீணாய்ச் சுற்றவிட்ட வளைவில்,
மயிரிழைபோல் ஒரு விரிசல்.

இன்னும் அவனிடம் சொல்லவில்லை.
சூடு ஆறட்டும்.
டேப் என் பையில் இருக்கிறது.